பேஷன் காட்டுகிறாள் என்கிறோமே!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு உள்கடன், வட்டி பத்திப் பேசப் போறதில்லை. பேஷன் என்கிற ஒரே ஒரு வார்த்தையைப் பத்திப் பேசணும்.

மூணு மாசத்துக்கு முன்னால ஒரு குழுவில் நடந்தது. ஊர் பேர், ஆள் பேர் வேண்டாம். ஒரு உறுப்பினர் வங்கி வேலையை முடிச்சுட்டு, நேரா கூட்டத்துக்கு சுடிதாரோட வந்திருக்காங்க. "கூட்டத்துக்கு வந்தியா, பேஷன் காட்ட வந்தியா?"ன்னு ஒருத்தர் கேட்க, மத்தவங்க சிரிச்சுட்டாங்க. அடுத்த ரெண்டு கூட்டத்துக்கு அவங்க வரலை. சந்தா நின்னு போச்சு. மகளோட காலேஜ் பீசுக்குக் கேட்டிருந்த கடன் வேற ஒருத்தருக்குப் போயிருச்சு. தீர்மானப் புத்தகத்தில் "வரவில்லை" என்று மட்டும் இருக்கு. காரணம் எழுதலை.

ஜவுளிக் கடையில "புது பேஷன் வந்திருக்கா?"ன்னு நாமதான் ஆசையாக் கேக்குறோம். அதையே பக்கத்து வீட்டுப் பொண்ணு உடுத்தினா "பேஷன் பண்ணிக்கிட்டுத் திரியுறா". "கடன் வாங்குறது பேஷனாப் போச்சு"ன்னா அதுல துணியே இல்லை, எல்லாரும் செய்றாங்கன்னு அர்த்தம். கைலியை விட்டுட்டு ஆம்பளைங்க பேண்ட் மாட்டினப்போ யாராவது இப்படிச் சொன்னோமா? நைட்டியும் ராத்திரிக்குன்னு வந்த உடுப்புதான். இன்னைக்கு மேல ஒரு துண்டைப் போட்டுக்கிட்டு ரேஷன் கடை வரைக்கும் போறோம். அதை யாரும் பேஷன்னு சொல்றதில்லை. பழகிப் போச்சு, அவ்வளவுதான்.

இந்தச் சொல் லத்தீன்ல பிறந்து, பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்கு வந்தது. மூலத்துல அதுக்கு 'செய்தல்'னுதான் அர்த்தம். ஒரு பொருளை உருவாக்குற விதம். துணிமணி எல்லாம் பின்னால வந்து ஒட்டிக்கிட்டது. நம்ம பெரியவங்க மோஸ்தர்னு சொல்வாங்க, நாகரிகம்னும் சொல்வாங்க. நாகரிகம் நகரத்துல இருந்து வந்த சொல். டவுன்காரங்க செய்றதுதான் சரின்னு அதுக்குள்ளேயே ஒரு நினைப்பு இருக்கு. எனக்கு அது பிடிக்கிறதில்லை.

'செய்தல்'னு எடுத்துக்கிட்டா, பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கப் போற அக்காமாரைப் பாருங்க. சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை, விரல்ல சுத்தின துணி, கண்ணுல கண்ணாடி. தண்ணிக்குள்ள சேலை விலகக் கூடாது, பாறை கையைக் கிழிக்கக் கூடாது. எந்தத் தையல் வகுப்பும் சொல்லித் தரலை, அவங்களே உண்டாக்கின உடை. இதுக்குப் பேஷன்னு பேர் வச்சா என்ன தப்பு?

நாம இன்னைக்கு மரியாதைன்னு நினைக்கிற ரவிக்கையும் ஒரு காலத்துல கலவரத்துக்குக் காரணமா இருந்தது. இப்போ கன்னியாகுமரி மாவட்டமா இருக்கிற பகுதி அப்போ திருவிதாங்கூர் ராஜ்யத்துல இருந்தது. அங்கே நாடார் பெண்கள் மார்பை மறைச்சு உடுத்தினதுக்காகத் தெருவுல வச்சுத் துணியைக் கிழிச்சாங்க. 1822ல தொடங்கின தோள்சீலைப் போராட்டம், விட்டு விட்டு 1859 வரைக்கும் நடந்தது. அந்த வருஷம் ஜூலை 26ஆம் தேதி ராஜா உத்தரவு போட்டார். ரவிக்கை போடலாம், மீனவப் பெண்கள் மாதிரி முரட்டுத் துணியைச் சுத்திக் கட்டலாம், மேல்சாதிப் பெண்கள் உடுத்துற மாதிரி மட்டும் கூடாது. கடலோரப் பெண்ணோட உடையை, இவங்களுக்கு இது போதும்னு காட்டுற அளவுகோலா வச்சிருக்காங்க பாருங்க. இதைப் படிச்சப்போ நம்ம ஊர் ஞாபகம்தான் எனக்கு வந்தது. "உனக்கு எதுக்கு இந்தப் பேஷன்?"னு நாம கேக்குறதுக்கும் அந்த உத்தரவுக்கும் எவ்வளவு தூரம்?

போன வாரம் அந்த உறுப்பினர் வீட்டுக்குப் போயிருந்தேன். டீ கொடுத்துட்டு, "சேலை கட்டிட்டு வந்தா சேர்த்துக்குவாங்களா மேடம்?"னு கேட்டாங்க. நான் பதில் சொல்லலை. அதைச் சொல்ல வேண்டியது அவங்க குழு. அந்தக் குழுவோட பிரதிநிதிகள் இங்கே உட்கார்ந்திருக்கீங்க. அடுத்த கூட்டத்துக்கு முன்னால ரெண்டு பேர் அவங்க வீட்டுக்குப் போய் வாங்க. கல்லூரிக்குப் பீஸ் கட்ட இன்னும் நாள் இருக்கு. அவங்க கடன் மனுவை முதல் பொருளா எடுக்கணும்னு கேட்டுக்கிறேன்.