பல்லின் வேர் கரையும் விஷயம்
(தேவ்நாரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)

நான் பல் டாக்டர் அல்ல, பி.எஸ்ஸி. விலங்கியல் படித்துவிட்டு சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். பேரனின் முன்பல் நிமித்தமாகப் படித்தும், டாக்டர்களைக் கேட்டும் அறிந்ததைச் சொல்கிறேன்.

குழந்தைகளுக்குப் பால்பல் விழுகிறதே, எப்படி? அடியில் வளரும் பல்லுக்கு வழிவிட, சில செல்கள் அதன் வேரைக் கரைத்துவிடுகின்றன. நிரந்தரப் பல்லின் வேருக்கு ஒரு மெல்லிய சவ்வு காவல் நிற்கிறது. அடிபட்டு அந்தச் சவ்வு உயிரிழந்தால், எலும்பைக் கரைக்கும் செல்கள் வேரையும் வெளிப்புறமாக அரிக்கத் தொடங்கும். வலி பெரும்பாலும் இராது. அதுதான் சங்கடம். (கிளிப் போட்டுப் பல்லை நகர்த்தும்போதும் வேரின் நுனி சற்றுக் குறையலாம், அது வேறு கதை.)

பேரனுக்கு அப்போது 12 வயது. கிரிக்கெட் பந்து பட்டு மேல் முன்பல் முழுசாக வந்துவிட்டது. பக்கத்து ஃபிளாட் மாமி அதைப் பாலில் போட்டுக் கொடுத்தார். புத்திசாலி! டாக்டர் பல்லை அதே குழியில் பொருத்தி, பக்கத்துப் பற்களோடு 2 வாரம் கட்டிவைத்தார். அதற்குள் வேர் சிகிச்சையும் ஆரம்பித்தார். டென்மார்க்கின் ஆண்ட்ரியாசன் 1966-இல் வெளியிட்ட ஆய்வில், அரை மணிக்குள் பொருத்திய பற்களில் 90 சதவீதம் கரையாமல் இருந்தன. 2 மணிக்கு மேல் வெளியே கிடந்தவற்றில் 95 சதவீதம் கரைந்தன. ஆகவே வேரைத் தொடாமல், தேய்க்காமல், பல்லின் மேல்பாகத்தைப் பிடித்து எடுங்கள். பால்பல்லை மட்டும் திரும்பப் பொருத்தக் கூடாது.

கரைவதில் முக்கியமாக இரண்டு வகை. உள்ளே நரம்பு செத்துக் கிருமி சேர்ந்தால், எக்ஸ்ரேயில் வேரையும் பக்கத்து எலும்பையும் அரித்த கருப்புக் குழிவு தெரியும். வேர் சிகிச்சை செய்து கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். இன்னொன்றில் வேர் கரைந்த இடத்தை எலும்பே நிரப்புகிறது. அந்தப் பல் அசையாது. தட்டினால் 'டிங்' என்று உலோகச் சத்தம் கேட்கும். மாட்டுங்கா பாத்திரக் கடையில் நாம் தட்டிப் பார்த்து வாங்குவதில்லையா, அந்த மாதிரிப் பரீட்சைதான். இதை நிறுத்த மருந்து கிடையாது. ஆனாலும் பல் பல வருஷம் நிற்கலாம். வளரும் பிள்ளைகளுக்குத் தாடை வளர, பல் மட்டும் அமிழ்ந்தாற்போல் ஆகும். அப்போது மேல்பாகத்தை மட்டும் வெட்டிவிட்டு வேரை உள்ளேயே எலும்பாக மாற விடுவார்கள். ஸ்வீடனின் மால்ம்கிரென் குழு 1984-இல் சொன்ன முறை. பிற்காலத்தில் செயற்கைப் பல் வைக்க எலும்பு மிஞ்சும்.

போன மாதம் பேரனின் பல்லைத் தட்டியபோது சத்தம் மாறியிருந்தது. அவன் வழக்கம்போல் முறுக்குக் கடிக்கிறான். 6 மாதம் கழித்து மறுபடி எக்ஸ்ரே.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.