மலைநாட்டுத் திருச்சபையும் தோழமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இடுக்கி மாவட்டத்துத் தேயிலை மலைகளினின்று இறங்கி வந்து இக் காலனியில் குடியேறியவர்கள் நாங்கள். "ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் பொழுது சாயுமட்டும் அங்கேயே இருந்துவிடுகிறீர்களே, அப்படி என்னதான் செய்கிறீர்கள்?" என்று அண்டை வீட்டார் எங்களைக் கேட்பதுண்டு. அவ்வினாவிற்கு இன்று விடை கூற முற்படுகின்றோம்.

மூணாற்று மலைகளை 1877-ஆம் ஆண்டில் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்பவர் பெற்றார். பின்னர் அங்கே தேயிலை தழைத்தது. நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் நம் முன்னோர் மலையேறினர். அவர்களுள் கிறிஸ்தவர்களாயிருந்தோர் கம்பளியோடும் சட்டி பானையோடும் வேத புத்தகத்தையும் ஞானப்பாட்டையும் சுமந்து சென்றனர்.

மூணாற்றின் கிறிஸ்து ஆலயத்திற்கு ஒரு தனி வரலாறு உண்டு. வேறு ஊர்களில் முதலில் கோயில் எழும். பின்னர் கல்லறைத் தோட்டம் அமையும். இங்கேயோ கல்லறையே முந்தியது. 1894-இல் மணமாகி வந்த சில நாட்களிலேயே வாந்திபேதியால் மாண்ட எலினர் இசபெல் மே என்னும் ஆங்கில நங்கை அக் குன்றில் அடக்கம் செய்யப்பட்டாள். கல்லால் ஆன கோயில் 1910-இல்தான் எழுந்தது. துரைமார்க்கென்று எழுந்த அக் கோயில் இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. அங்கே தமிழிலும் ஆராதனை நடைபெறுகிறது.

வாரம் முழுவதும் பனியிலும் மழையிலும், அட்டைக் கடியிலும் கொழுந்து பறிக்கும் மக்களுக்கு ஞாயிறு ஒன்றே தமக்கென்று அமைந்த நாள். ஆராதனை முடிந்த பின்னரே அந்நாள் உண்மையில் தொடங்கும். கட்டன் சாயாவோடு ஊர்க்கதை நடக்கும். எழுதப் படிக்கத் தெரியாதோர்க்குக் கடிதம் படித்துக் காட்டப்படும். பெண்ணும் பிள்ளையும் பார்த்துப் பேசப்படும். அறுப்பின் பண்டிகை வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம்! பூசணியும் வாழைத்தாரும் கோழியும் ஏலத்திற்கு வரும். ஓர் ஏழைக் கைம்பெண் படைத்த ஒற்றை முட்டையை ஒருவர் ஏலத்தில் எடுப்பார். எடுத்தவர் அதை மீண்டும் படைப்பார். மறுபடியும் ஏலம் நடக்கும். முட்டை ஒன்றுதான், கொடுத்த கைகளோ பல.

மாட்டுப்பட்டி அணைக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் சபையார் உல்லாசப் பயணம் செல்வர். புளிச்சோற்று மூட்டையும் துவையலும் உடன் வரும். கோயில் நண்பர்கள் மட்டுமல்லர், முருகன் கோயிலுக்குச் செல்லும் அண்டை வீட்டாரும், பள்ளிவாசலுக்குச் செல்லும் கடைக்காரர் குடும்பமும் அவ் வண்டியில் இருப்பர். டாப் ஸ்டேஷனில் நின்று, கீழே தெரியும் தேனிச் சமவெளியைக் காட்டி, "அதோ நம் சீமை!" என்பர் முதியோர். "இதுதானே நம் ஊர்?" என்பர் மலையில் பிறந்த பிள்ளைகள். இரண்டும் மெய்யே.

மெனோனைட்டர் என்றொரு சபையார் உளர். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த மென்னோ சைமன்ஸ் பெயரால் வழங்கும் அவர்கள், படைக்கலம் ஏந்தாமையைக் கொள்கையாகக் கொண்டவர்கள். 1899-இல் நம் நாட்டுத் தம்தரிக்கு வந்து, பஞ்சத்தில் வாடியோர்க்குத் தொண்டு செய்தனர். அமெரிக்க நாட்டில், அவர்களுள் ஒருவரின் களஞ்சியம் தீக்கிரையானால், ஊரார் கூடி நின்று புதிதாக எழுப்பித் தருவது வழக்கம். இதனைப் படித்தபோது எங்கட்கு லயத்து வாழ்வே நினைவுக்கு வந்தது. லயத்தில் இரு வீட்டிற்கும் சுவர் ஒன்றே. அடுத்த வீட்டுக் குழந்தை இருமினால் இந்த வீட்டில் அடுப்பு மூட்டி வெந்நீர் வைப்பார்கள்.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். அவர்கள் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். சேற்றில் உறவைத் தேடியவர் எவரும், "நீ எந்தக் கோயில்?" என்று கேட்கவில்லை.

வேலையினின்று ஓய்வு பெற்றால் லயத்து வீட்டை விட்டுவிட வேண்டும். ஆகவே எங்களைப் போன்றோர் பல ஊர்களுக்குச் சிதறினோம். சிதறியதில் வீட்டை மட்டுமா இழந்தோம்? ஒன்றை மறைக்காமல் கூறுகின்றோம். இக் காலனிக்கு வந்த இரண்டாம் ஆண்டில், எங்கள் மாடிப்படிக்கு எதிர்வீட்டுப் பாட்டி இரண்டு நாள் காய்ச்சலில் தனியே கிடந்தார். நாங்கள் அறியவில்லை. பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது. இருமல் கேட்டவுடன் வெந்நீர் வைத்த மரபில் வந்த நாங்கள், ஒரு கதவிற்கு அப்பால் இருந்தவரை அறியாதிருந்தோம். அன்று நாணினோம், இன்றும் நாணுகின்றோம்.

அன்பர்களே! இச் சங்கம் பொங்கலுக்கும் ஆண்டு விழாவிற்கும் மட்டும் கூடினால் போதாது. மாதத்தில் ஒரு ஞாயிறு, தனித்து வாழும் முதியோர் வீட்டுக் கதவை நாம் தட்டுவோம். ஆண்டிற்கு ஒருமுறை, எல்லாரும் ஒரே வண்டியில் புளிச்சோற்று மூட்டையோடு புறப்படுவோம். கோயில் வேறாயிருக்கலாம், சுவர் நமக்கு ஒன்றாகவே இருக்கட்டும்.