நெல்லுக்குக் காவல், கண்ணுக்கு ஓய்வு



தை, மாசியில் தஞ்சாவூர்ப் பக்கம் ராத்திரி பஸ்ஸில் போனால் பார்க்கலாம். நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் நெல் குவியல், மேலே தார்ப்பாய், பக்கத்தில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு விவசாயி. பனி இறங்க இறங்க எழுந்து தார்ப்பாயை இழுத்து விடுவார். ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம். அதைத் தாண்டிவிடுமோ என்ற கவலை.

இது கண்விழிப்பு, நோய் இல்லை. நெல்லைப் போட்டு, பணமும் வந்து, வீட்டில் பாய் விரித்துப் படுத்த பிறகும் புரண்டுகொண்டே இருந்தால்தான் யோசிக்க வேண்டும். வாரத்தில் 3 நாளாவது இப்படி ஆகி, 3 மாதம் நீடித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை.

பகலில் அது வேலையைக் காட்டும். சுள்ளென்று கோபம், மறதி. டிராக்டர் ஓட்டுகிறவர் ஒரு நொடி கண்ணசந்தால் என்ன ஆகும்? இதை வயசுக் கோளாறு என்று தள்ளிவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

தூக்க மாத்திரையை நாமாகக் கடையில் கேட்டு வாங்க வேண்டாம். குடித்தால் தூக்கம் வரும் என்பார்கள். பாதி ராத்திரியில் அதுவே எழுப்பிவிடும். எப்போது படுத்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். மத்தியானத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். படுத்து 20 நிமிஷமாகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து திண்ணையில் உட்காருங்கள்; கண் சொக்கும்போது போய்ப் படுங்கள்.

மனசில் பாரம் இருந்தால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.