ஏட்டில் ஏறாத பெயர்கள்



குடும்ப வேர்களும் ஊர் வரலாறும் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். கவிதை பேசும் அவையில் பதிவேடுகளைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் ஐயுறலாம். பேசலாம் என்பதற்கு ஆங்கிலக் கவிஞர் ஜார்ஜ் கிராப் சான்றாக நிற்கிறார். தேவாலய குருவாகப் பணிபுரிந்த அவர், 1807இல் வெளியிட்ட நெடுங்கவிதை ஒன்றுக்குப் 'பங்குப் பதிவேடு' என்றே பெயரிட்டார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று அந்த ஏட்டில் உள்ள மூன்று பிரிவுகளே அக்கவிதையின் மூன்று பகுதிகள். ஏட்டில் ஒற்றை வரியாகக் கிடந்த எளிய மனிதர்களுக்கு அவர் கவிதையில் உயிர் கொடுத்தார்.

அந்த ஒற்றை வரி அவருக்குக் கிடைத்தது எப்படி? 1538இல், எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், ஒவ்வொரு தேவாலயப் பங்கும் இம்மூன்று நிகழ்ச்சிகளையும் எழுதி வைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. 1837 முதல் அரசே பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றைப் பதிவு செய்யத் தொடங்கியது. ஆகவே ஆங்கிலச் சிற்றூர் ஒன்றில் உழவுக் கூலியாக வாழ்ந்தவரின் வழித்தோன்றலும், ஏடுகள் அழியாதிருப்பின், பல தலைமுறைகளைப் பெயர் சொல்லி எண்ண முடிகிறது.

நம்மிடம் எழுத்து இல்லையா என்றால், அவர்களினும் பழைய எழுத்து இருக்கிறது. நமக்கு அண்மையிலுள்ள திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவன் நம்பி அப்பி. அபராசித பல்லவன் காலத்துக் கோயில் அது. அம்மன்னனே பாடிய வெண்பா அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் கட்டியவன் பெயர் நிற்கிறது. ஆனால் அந்தக் கல்லைச் சுமந்தவர் பெயர் எங்கே? கல்வெட்டு கொடுத்தவனைச் சொல்லும். பட்டா நிலம் உடையவனைச் சொல்லும். பத்திரம் வாங்கியவனையும் விற்றவனையும் சொல்லும். கொடுக்கவும் விற்கவும் ஒன்றுமில்லாதவன் பெயர் தன் சொந்த ஊரின் கணக்கிலேயே ஏறவில்லை.

அன்பர்களே, அவன் பெயர் ஏறிய இடம் ஒன்று உண்டு. அதுதான் கப்பல்.

1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் ஏறத்தாழ 1,52,000 பேர். முதற்கப்பலாகிய 'டுரூரோ' 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. அவ்வாறு சென்றவர்களுள் வட ஆர்க்காட்டார் மிகப் பலர். பின்னர் 1903 முதல் 1916 வரை பிஜித் தீவுக்கும் சென்னையிலிருந்து கப்பல்கள் சென்றன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதனருகே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடலிலுள்ள அடையாளத் தழும்பு. பிறந்த மண் எழுதாத பெயரைத் தோட்ட முதலாளிக்காக ஓர் எழுத்தர் எழுதினார். அன்பினால் எழுதப்பட்டதன்று அது. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதப்பட்டது. எனினும் அந்த ஒரு வரியே இன்று கொள்ளுப் பேரர்களின் கையில் எஞ்சிய குடும்ப வரலாறு.

அந்த வரியைக் கையில் ஏந்தி ஒருவர் நம் வட்டாரத்திற்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 'வட ஆர்க்காடு' என்றிருக்கும். அவரோ வேலூருக்கும் ஆர்க்காட்டிற்கும் சென்று அலைவார். இவ்வட்டாரத்தின் பெரும்பகுதி அக்காலத்தில் கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்திருந்தது என்பதை அவர்க்குச் சொல்வார் யார்? 1911இல் சித்தூர் மாவட்டம் தோன்றியபோது நாம் அதனுள் சென்றோம். 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சென்றோம். ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1ஆம் நாள் சென்னை மாநிலத்திற்குத் திரும்பிச் செங்கற்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தோம். 1997இல் திருவள்ளூர் மாவட்டத்தார் ஆனோம். ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது; கொசத்தலை ஆறும் பூண்டி நோக்கியே ஓடியது. மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. ஒரே குடும்பத்தின் சுவடுகளை வேலூர், சித்தூர், செங்கற்பட்டு, திருவள்ளூர் என்று நான்கு இடங்களிலும், எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டிய நிலை இதனால்தான் ஏற்பட்டது.

ஆள் பெயரும் திரிந்தது. எழுத்தர் காதில் விழுந்தபடி முனுசாமி 'மூன்சாமி' ஆனார். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். இத்திரிபுகளைச் சீர்செய்து படிக்கத் தமிழ்க் காது வேண்டும். நம் எல்லைப்புறத்திலோ தெலுங்குக் காதும் உடன் வேண்டும். இவ்விரண்டும் இயல்பாகவே வாய்த்தவர்கள் இந்த அவையில் அமர்ந்திருக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். வேர் தேடப் புறப்பட்டவர் பலர் அரசமரபில் போய் முடிகிறார்கள். தம் சாதிக்கு ஒரு மன்னனையும் ஒரு புராணத்தையும் தேடிக்கொண்டு நிறைவடைகிறார்கள். அவ்வகைத் தேடலில் கல் சுமந்தவன் மறுபடியும் விடுபட்டுப் போவான். பாட்டனார் தறி நெய்தார், கூலிக்கு உழுதார், கடனுக்கு அஞ்சி இரவோடிரவாக ஊரைவிட்டுப் போனார் என்று எழுதும் துணிவு உடையவரே ஊர் வரலாறு எழுதத் தக்கவர். உ.வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திர'த்தை ஊரைப் பற்றிய அத்தியாயத்தோடு தொடங்கினார். ஊரைச் சொல்லாமல் ஆளைச் சொல்ல இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆதலின் இப்பத்தாம் ஆண்டில் ஒரு வேண்டுகோள். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கென ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஏரி, மதகு, வயல் ஆகியவற்றின் பெயர்களை எழுதுங்கள். ஊரின் பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் வழங்கும் வடிவங்களோடு குறியுங்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் குலதெய்வம் எங்கே இருக்கிறது என்று கேட்டறியுங்கள். வீடும் நிலமும் இழந்தவர்களிடமும் எஞ்சும் முகவரி அதுவே. ஊரைவிட்டுப் போய்த் திரும்பாதவர் யார் என்று மூதாட்டிகளிடம் கேளுங்கள். பொதட்டூர்பேட்டையின் தறிக்கூடங்களிலும் கேளுங்கள்; சேரிகளில் முதலிற்கேளுங்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டைக்கு இடங்கொடுத்த வயல்களின் பெயர்களை, அவற்றை உழுதவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

காலம் குறைவு. எல்லை மாறிய 1960இல் பதினைந்து வயதினராய் இருந்தவர் இன்று எண்பதை எட்டிவிட்டார். அவருடைய பாட்டி சொன்ன செய்தி அவரோடு நின்றால், கப்பலேறியவர்களை நினைவுகூரும் கடைசிச் சங்கிலியும் அறுந்துபோகும்.

கவிஞர்களே, உங்களுக்குக் கிராப் பெற்றிருந்த வசதி இல்லை. அவருக்கு ஏடு முன்னே இருந்தது. கவிதை பின்னே வந்தது. நாம் முதலில் ஏட்டை எழுதியாக வேண்டும். கடல் கடந்து போனவரின் பேத்தி ஒரு நாள் இவ்வூருக்கு வந்து, தன் பாட்டனாரின் பெயரைத் தடுமாறி உச்சரிக்கும்போது, "ஆம் அம்மா, இந்த ஊர்தான், இந்தத் தெருதான்" என்று சொல்ல ஒரு குறிப்பேடாவது இங்கே இருக்கட்டும்.