நம் சமையலறையில் மெக்சிகோ



போன வாரம் உலகப் படத்தை விரித்து வைத்துக் கண்டங்களைப் பார்த்தோம். இன்றைக்கு அதில் ஒரே ஒரு நாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். அதன் பெயர் மெக்சிகோ.

"எங்கேயோ இருக்கிற நாடு. நமக்கும் அதற்கும் என்ன?" என்று உங்களுக்குத் தோன்றலாம். காலையில் சட்னிக்குத் தக்காளி வதக்கினீர்களா? தாளிக்க மிளகாய் கிள்ளிப் போட்டீர்களா? மத்தியானத்துக்குச் சப்பாத்தி போட்டுக் கட்டிக்கொண்டீர்களா? இந்த மூன்றிலும் மெக்சிகோ இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

மெக்சிகோ நமக்கு மேற்கே, இரண்டு பெருங்கடல்களுக்கு நடுவில், அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குத் தெற்கே ஒட்டினாற்போல் இருக்கிறது. இங்கே காலை 7 மணி என்றால் அங்கே தலைநகரில் முந்தின நாள் இரவு 7.30. நாம் வேலைக்குக் கிளம்பும்போது அவர்கள் வேலை முடிந்து வீடு திரும்பியிருப்பார்கள். மக்கள்தொகை சுமார் 13 கோடி. தலைநகரின் பெயர் மெக்சிகோ நகரம். அதுவும் தில்லியைப் போலவே நெரிசல் மிகுந்த பெரிய ஊர்.

அங்கே பெரும்பாலோர் பேசுவது ஸ்பானிய மொழி. ஸ்பெயின் என்ற நாடு ஐரோப்பாவில், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அந்த மொழி இங்கே எப்படி வந்தது? இங்கிலாந்துக்காரன் நம் நாட்டுக்கு வந்த மாதிரிதான். 1519-இல் எர்னான் கோர்த்தேஸ் என்ற ஸ்பானியத் தளபதி சில நூறு வீரர்களோடு கப்பலில் வந்து இறங்கினான். அஸ்தெக் மக்கள் ஏரியின் நடுவே ஓர் அழகான நகரம் கட்டி ஆண்டுகொண்டிருந்தார்கள். அவர்களைப் பிடிக்காத வேறு சில இனத்தார் கோர்த்தேஸோடு சேர்ந்துகொண்டார்கள். கப்பலோடு வந்த பெரியம்மை நோய் ஊர் ஊராக மக்களைக் கொன்றது. 1521-இல் நகரம் வீழ்ந்தது. பிறகு 300 ஆண்டுகள் அந்நிய ஆட்சி.

1810 செப்டம்பர் 16 அன்று விடியற்காலையில், தொலோரஸ் என்ற சிற்றூரில் இதால்கோ என்ற பாதிரியார் கோயில் மணியை அடித்து மக்களைக் கூட்டினார். "எழுந்திருங்கள்" என்றார். 1821-இல் விடுதலை கிடைத்தது. அதற்கு முன்பே, 1811-இல், இதால்கோவைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். நம் பிரதமர் ஆகஸ்டு 15-இல் செங்கோட்டையில் கொடி ஏற்றுகிறார் அல்லவா? அதுபோல அங்கே குடியரசுத் தலைவர் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 15 இரவு மாளிகையின் மாடத்தில் நின்று மணி அடிப்பார். கீழே லட்சக்கணக்கான மக்கள் நின்று முழங்குவார்கள்.

ஸ்பானியம் வந்தாலும் பழைய மொழிகள் செத்துப் போகவில்லை. 68 பூர்வகுடி மொழிகள் இன்றும் அரசு ஏற்றுக்கொண்டவை. அதில் ஒன்று நவாட்டில். ஆங்கிலத்தில் டொமேட்டோ, சில்லி, சாக்லேட் என்கிறார்களே, இவையெல்லாம் அந்த மொழியிலிருந்து வந்த சொற்கள்.

அந்த நாட்டு மக்கள் பயிராக்கி வளர்த்தவைதான் தக்காளியும் மிளகாயும் மக்காச்சோளமும். இவை சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கிடையா. நம் பாட்டிமார்களின் பாட்டிமார்கள் காரத்துக்கு மிளகைத்தான் போட்டார்கள். கப்பலில் புதிய காய் வந்தபோது, மிளகு போலக் காரமான காய் என்று 'மிளகாய்' எனப் பெயர் வைத்துவிட்டார்கள். இனி ரசத்துக்கு மிளகாய் கிள்ளும்போது இதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லுங்கள். நம்ப மாட்டார்.

மக்காச்சோளம்தான் அவர்களுக்குச் சோறு. அதில் ஒரு கைப்பக்குவம் உண்டு. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிடுவார்கள். காலையில் தோல் போகக் கழுவி, நம் அம்மி போன்ற கல்லில் அரைப்பார்கள். அந்த மாவைக் கையால் தட்டி, தோசைக்கல் போன்ற கல்லில் சுட்டெடுப்பார்கள். பெயர் தோர்த்தியா. பார்த்தால் நம் ரொட்டி மாதிரியே இருக்கும். சுண்ணாம்பு எதற்கு? சோளத்தில் இருக்கும் ஒரு சத்து அப்போதுதான் உடம்பில் சேரும். ஐரோப்பாக்காரர்கள் சோளத்தை மட்டும் எடுத்துப் போனார்கள், பக்குவத்தைக் கேட்டுக்கொள்ளவில்லை. சோளத்தையே தின்று வாழ்ந்த ஏழைகளுக்கு அங்கே தோல் வெடித்து, வயிறு கெட்டு, சித்தம் கலங்கும் நோய் வந்தது. பல ஆயிரம் பேர் செத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் கண்டுபிடித்து வைத்த பக்குவம் அது. எனக்கு இந்தச் செய்தி ரொம்பப் பிடிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செண்டுமல்லி என்கிறோம், சில ஊர்களில் கேந்திப்பூ என்போம், தில்லியில் கேந்தா. அந்தப் பூவுக்கும் தாய்வீடு மெக்சிகோதான். நவம்பர் 1, 2 தேதிகளில் அவர்கள் இறந்துபோன பெரியவர்களை நினைத்துப் படையல் வைக்கிறார்கள். செத்தவருக்குப் பிடித்த பலகாரம், பழம், படம், சுற்றிலும் இந்தப் பூ. கல்லறைக்கும் பூப் போட்டு, விளக்கேற்றி, இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். நாம் அமாவாசைக்குப் படைப்பது போலத்தான்.

இப்போது சப்பாத்திக்கு வருவோம். கோதுமை மெக்சிகோவில் பிறந்ததல்ல. நம் நாட்டில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விளைகிறது. ஆனாலும் இன்று நாம் தின்னும் கோதுமையில் மெக்சிகோவின் பங்கு உண்டு. அதில் தில்லிக்கும், நம் தமிழ்நாட்டுக்காரர் இரண்டு பேருக்கும் இடம் உண்டு.

1960-களில் நம் நாட்டில் உணவுக்குப் பெரிய தட்டுப்பாடு. அமெரிக்காவிலிருந்து கப்பலில் கோதுமை வந்தால்தான் ரேஷன் கடை திறக்கும். 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, திங்கட்கிழமை ஒரு வேளைச் சாப்பாட்டை விடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். 1965-லும் 1966-லும் மழை பொய்த்தது. 1966-இல் சுமார் 1 கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்தது. இனியும் கையேந்தினால் மானம் போகும் என்ற நிலை.

நம் பழைய கோதுமைப் பயிர் உயரமானது. நிறைய உரம் போட்டால் கதிர் கனக்கும், தாள் தாங்காமல் பயிர் சாய்ந்துவிடும். வயலில் நின்றவர்களுக்கு அந்த வேதனை தெரியும். மெக்சிகோவில் நார்மன் போர்லாக் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1944 முதல் கோதுமை ஆராய்ச்சி செய்துவந்தார். ஜப்பானியக் குட்டைக் கோதுமையின் வம்சத்தோடு ஒட்டுச் சேர்த்துக் குள்ளமான, தாள் உறுதியான ரகங்களை உண்டாக்கினார். மெக்சிகோவின் சொனோரா மாநிலத்து உழவர்களின் வயல்களில் அவை நிறைய விளைந்தன.

தில்லி பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் அப்போது வேலை பார்த்தவர் எம்.எஸ். சுவாமிநாதன். கும்பகோணத்துக்காரர். போர்லாக்கை இங்கே வரவழைக்க அவர் முயன்றார். போர்லாக் 1963 மார்ச்சில் வந்து நம் வயல்களைப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு மெக்சிகோ விதைகள் வந்தன. சோதனை வயல்களில் நன்றாக விளைந்தது. ஆனால் நாடு முழுவதற்கும் கப்பல் கப்பலாக விதை வாங்க வேண்டும் என்றபோது பலர் எதிர்த்தார்கள். "பணம் வீண். நம் மண்ணில் வராது" என்றார்கள். அப்போது வேளாண்மை அமைச்சர் சி. சுப்பிரமணியம், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். அவர் தம் தில்லி பங்களாவின் புல்வெளியை உழுது அந்தக் கோதுமையை விதைத்தார்! 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வந்து இறங்கியது.

இங்கே ஒரு சிக்கல். அந்தக் கோதுமை சிவப்பாக இருந்தது. நம் பெண்களுக்குச் சப்பாத்தி வெளுப்பாக இருக்க வேண்டும். சந்தையிலும் விலை போகவில்லை. நம் விஞ்ஞானிகள் அந்த ரகங்களிலிருந்தே வெளுப்பான மணியாகப் பொறுக்கிக் கல்யாண் சோனா, சோனாலிகா என்ற ரகங்களைத் தந்தார்கள்.

விதையைப் பெருக்க வேண்டுமே? தில்லியின் வடமேற்கு ஓரத்தில், ஹரியானா எல்லையை ஒட்டி ஜௌந்தி என்று ஒரு கிராமம். அந்த ஊர் உழவர்கள் தங்கள் வயல்களை விதைப் பண்ணையாக்கினார்கள். விளைந்ததை மற்ற ஊர்க்காரர்கள் விதைக்காக வாங்கிப் போனார்கள். 1964-65-இல் சுமார் 1 கோடியே 23 லட்சம் டன்னாக இருந்த நம் கோதுமை விளைச்சல், 1967-68-இல் 1 கோடியே 65 லட்சம் டன் ஆயிற்று. மூட்டை வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களில்கூட அடுக்கினார்கள். 1968-இல் அரசு இதற்காகத் தபால் தலை வெளியிட்டது. 1970-இல் போர்லாக்குக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கு நாம் கொடுத்த விலையும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. இந்த ரகங்களுக்குத் தண்ணீரும் உரமும் நிறைய வேண்டும். உரத்தையும் மருந்தையும் அளவில்லாமல் போட்டு, நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டே போனால் மண் கெடும் என்று சுவாமிநாதனே 1968-இல் எச்சரித்தார். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் இன்று ஆழ்துளைக் கிணறுகள் மேலும் மேலும் கீழே போகின்றன. அங்கிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

ஜௌந்தி நம் தில்லிக்குள்தான் இருக்கிறது. கோதுமை அறுப்பு ஏப்ரலில். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். வர விரும்புகிறவர்கள் வாசலில் இருக்கும் தாளில் பெயர் எழுதுங்கள். கைநாட்டு வேண்டாம், எழுத்தில் எழுதுங்கள்.