மலை மேலே ஏன் குளிர்?

அறிவியல் விந்தை என்று இன்று கைபேசியில் வந்து குவிகிறதே, அதில் எனக்குப் பெரிய குறை உண்டு. கேள்வி வந்த அரை நிமிடத்தில் விடையும் வந்துவிடுகிறது. மனம் குழம்ப நேரமில்லை. குழம்பாத மனத்தில் விடை தங்காது. புதிர் போடுகிறவர் விடையைத் தாமதிக்க வேண்டும். கட்சி பிரித்துக் கையைத் தூக்கச் சொல்ல வேண்டும்.

அதற்குக் காரவள்ளியைப்போல நல்ல களம் நான் கண்டதில்லை. கொல்லிமலையின் அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம். கீழே வியர்க்கிறது, மேலே போர்வை கேட்கிறது. மேலே போனால் சூரியனுக்குப் பக்கம்தானே? சூடான காற்றும் மேலேதானே போகும்? பிறகு ஏன் குளிர்?

பேருந்துக்கு நின்றவர்களிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். சூரியன் கட்சி சீக்கிரம் தோற்றது. 15 கோடி கிலோமீட்டரில் ஒரு கிலோமீட்டர் எம்மாத்திரம்? அப்போது பலாப்பழக் கூடையோடு வந்த ஓர் ஆயா சொன்னார்: “வெயிலு மண்ணைத்தான் சுடும் தம்பி. மண்ணு சுட்டாத்தான் காத்து சுடும்.” எல்லாரும் அவர் கட்சிக்கு மாறினார்கள். உடனே ஒரு பையன், “அப்ப மலை மேல மண்ணு இல்லையா ஆயா?” என்றான். அடடா! ஆயா சொன்னது முழுக்கச் சரி. பையன் கேட்டதும் முழுக்கச் சரி. நான் வாயைத் திறக்கவில்லை. பேருந்து வரும்வரை வழக்கு நடந்தது.

விடை சைக்கிள் பம்பில் இருக்கிறது. காற்றை அழுத்தினால் பம்பு சுடும். டியூபின் காற்றைப் பிடுங்கிவிட்டால், சீறி வரும் காற்று விரலில் சில்லென்று படும். மலையேறும் காற்றுக்கும் அதே கதைதான். மேலே அழுத்தம் குறைவு, காற்று விரிகிறது. சுற்றியுள்ள காற்றைத் தள்ளிக்கொண்டு விரிய வேண்டும். அதற்குத் தன் சூட்டையே செலவழிக்கிறது. விரியும் காற்று குளிரும். மறுபடி சொல்கிறேன், விரியும் காற்று குளிரும். ஈரமில்லாத காற்றென்றால் 1000 மீட்டருக்குப் பத்து டிகிரி அளவு குறையும். காற்று மண்டலத்தின் சராசரிக் கணக்கு ஆறரை டிகிரி. மலை மண் சூடேற்றும் காற்றும் அங்கே நிற்பதில்லை. இந்தக் குளிர்ந்த காற்றோடு கலந்துவிடுகிறது.

அழுத்தம் குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காலித் தண்ணீர் பாட்டிலை மலை மேலே இருக்கும்போது இறுக மூடி எடுத்துவாருங்கள். காரவள்ளி வரும்போது ஒடுங்கியிருக்கும். பிரான்சில் பாஸ்கல் 1648-இல் தன் மைத்துனர் பெரியேவைப் பாதரசக் குழாயோடு ஒரு மலைக்கு அனுப்பினார். அவர் ஏறியதும் ஏறத்தாழ இதே உயரம்தான். மேலே பாதரசம் இறங்கியிருந்தது. எனக்குப் பிடித்தது அதுவல்ல. அடிவாரத்திலும் ஒரு குழாயை வைத்து, நாள் முழுக்க ஓர் ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனாரே, அதுதான்!

சரி, உங்களுக்கு ஒன்று. மலை மேலே இருக்கும் சோளக்காட்டில் தண்ணீர் காரவள்ளியைவிட மூன்று டிகிரி முன்னதாகவே கொதித்துவிடும். அப்படியானால் திறந்த பானையில் சோறு எங்கே முதலில் வேகும்? வீட்டில் கட்சி பிரியுங்கள்.