வழி பிரியும் இடமும் வழி சேரும் இடமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நம் குடியிருப்புகளில் கணிப்பொறித் துறையிற் பணிபுரியும் பிள்ளைகள் பலர் உளர். “என்ன வேலையப்பா?” என்று தாய் கேட்டால், “சொன்னால் உனக்கு விளங்காதம்மா” என்று நழுவிவிடுகின்றனர். விளங்கும் என்பதே என் கட்சி.

மனிதர் எழுதும் கட்டளைகளை எந்திரம் அறியும் மொழிக்கு மாற்றித் தருவது தொகுப்பி, கம்பைலர் என்பர். அது ஒரே தாவலில் மாற்றுவதில்லை. முதலில் சின்னஞ்சிறு படிகளாகப் பிரித்து எழுதிக்கொள்கிறது. அதுவே இடைநிலை வடிவம். தாராவிப் பட்டறை ஒன்றின் கூலிக் கணக்கை இவ்வாறு எழுதிப் பார்ப்போம்.

1. உழைத்த மணியையும் மணிக்கூலியையும் பெறுக.
2. கூலி = மணி × மணிக்கூலி.
3. மணி 8-ஐத் தாண்டாவிடில் 6-ஆம் வரிக்குச் செல்க.
4. மிகை = (மணி – 8) × மணிக்கூலி.
5. கூலி = கூலி + மிகை.
6. கூலியை அச்சிடுக.

எட்டு மணிக்கு மேற்பட்ட உழைப்புக்கு இரட்டைக் கூலி என்பதே இதன் பொருள். இவ்வரிகளைத் தொகுப்பி கூறுபோடுகிறது. முதல் வரி ஒரு கூற்றின் தலை. தாவி வந்து சேரும் வரி ஒரு தலை. தாவலுக்கு அடுத்த வரியும் ஒரு தலை. ஆகவே 1, 4, 6 ஆகியவை தலைகள். 1 முதல் 3 வரை ஒன்று, 4-உம் 5-உம் ஒன்று, 6 தனியே ஒன்று. இக்கூறுகளே அடிப்படைத் தொகுதிகள். ஆங்கிலத்தில் பேசிக் பிளாக் என்பர்.

தாதரில் விரைவு வண்டி ஏறியோர் இதை எளிதில் உணர்வர். குர்லா வரை அது நிற்பதில்லை. மாட்டுங்காவில் ஏறுவாருமில்லை, சயனில் இறங்குவாருமில்லை. தாதரில் எண்ணிய தலைகள் குர்லாவில் மாறா. தொகுதியும் அவ்வாறே: தலைவழி நுழையலாம், கடைவழி வெளியேறலாம், இடையிலே புகவோ நீங்கவோ இயலாது. அதனால் அதனுள்ளே நிகழ்வதை உறுதியாகக் கூறலாம். ஒரே பெருக்கல் இருமுறை வந்து, இடையில் எண்கள் மாறாதிருப்பின், ஒருமுறை செய்தாற் போதும்.

குர்லாவிலோ வழி பிரிகிறது. செம்பூர் செல்வோர் துறைமுகப் பாதைக்கு மாறுவர். காட்கோபர் செல்வோர் அவ்வண்டியிலேயே தொடர்வர். வழிகள் சேரும் இடத்திலேதான் எச்சரிக்கை வேண்டும். நம் கணக்கில் 6-ஆம் வரிக்கு இரு வழிகள் வருகின்றன. மணிக்கு 60 ரூபாய் வீதம் 10 மணி உழைத்தவனுக்கு 600-உம் மிகை 120-உமாக 720 ரூபாய் சேர வேண்டும். 3-ஆம் வரியிலிருந்து வரும் வழியை மட்டும் கண்டு, “2-ஆம் வரியில் வந்த தொகையே கூலி” என்று தொகுப்பி முடிவு செய்தால், 600 என்றே அச்சாகும். உழைத்தவன் வயிற்றில் 120 ரூபாய் அடி விழும்! வருகின்ற எல்லா வழிகளிலும் மெய்யாவதையே மெய்யெனக் கொள்ள வேண்டும், இதுவே விதி.

1957-இல் ஜான் பேக்கஸ் குழுவினர் அளித்த ஃபோர்ட்ரான் தொகுப்பியிலேயே இத்தகைய பகுப்பு இருந்தது. பிரான்சஸ் ஆலன் அம்மையார் 1970-இல் இவ்வழிகளை ஆராயும் முறையை வகுத்துக் கட்டுரை எழுதினார். 2006-ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருதைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. நம் மும்பையும் பின்தங்கவில்லை. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960-இல் டிஃப்ராக் கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. அதனை ஆக்கிய குழுவின் தலைவர் சென்னையிற் பிறந்த ஆர். நரசிம்மன் என்பது நமக்குப் பெருமை. பவாய் ஐ.ஐ.டி.யின் உதய் கேட்கரும் அமிதாப சன்யாலும் மற்றொருவரும் சேர்ந்து, தரவு ஓட்டப் பகுப்பாய்வு பற்றி 2009-இல் நூலே வெளியிட்டனர்.

மாணவச் செல்வங்களே! கணக்கை விரைவாக்குவது திறமை. எவர் கூலியும் குறையாமல் விரைவாக்குவதே அறம். இன்றிரவு வீடு சென்றதும் அந்த ஆறு வரிகளை அன்னைக்கு எழுதிக் காட்டுங்கள். “விளங்காது” என்ற சொல் நம் இல்லங்களில் இனி வேண்டா.